பழைய இலகுரக ஸ்போர்ட்ஸ் கார்: வாங்குமுன் குனிந்து பாருங்கள்

நான் முதன்முதலில் வாங்கிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் பார்த்தேன். அடிப்பக்கத்துக்கு ஒதுக்கியது இரண்டு நிமிடம். அதுவும் சட்டை அழுக்காகிவிடக் கூடாதென்று பாதி குனிந்தபடி. அந்த இன்ஜின் என்னிடம் இருந்த வரை ஒரு நாளும் தொல்லை தரவில்லை. கதவுக்குக் கீழே ஓடும் தகடுதான் உள்ளிருந்தே துருப்பிடித்து, ஒரு மழைக்காலத்தின் முடிவில் விரல் நுழையும் ஓட்டையாகத் திறந்தது. வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த செலவு, காரின் விலையில் பாதியைத் தொட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதன் பொருள் அன்று விளங்கியது.

இந்த வகைக் கார்களில் இயந்திரப் பாகங்கள் பெரும்பாலும் எளிமையானவை, கழற்றி மாற்றக் கூடியவை. உடம்பு அப்படியில்லை. ஆகவே நல்ல உடம்பும் சுமாரான இன்ஜினும் உள்ள காரையே நான் தேர்ந்தெடுப்பேன். கீழே சொல்லப்போகும் வரிசை முழுவதும் இந்தச் சாய்வோடுதான் இருக்கும்.

எடை குறைந்தால் என்ன லாபம்

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 காரை அறிமுகப்படுத்தியது. 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 950 கிலோ. 1,500 கிலோ எடையுள்ள ஒரு குடும்பக் கார் எடைக்கும் சக்திக்குமான இதே விகிதத்தை எட்ட வேண்டுமானால் அதற்கு 180 குதிரைத்திறன் வேண்டும். அப்போதும் வளைவில் திருப்பவும் நிறுத்தவும் அந்தக் கூடுதல் எடை அப்படியே இருக்கும்.

எடை குறைவு உங்கள் பையையும் காக்கிறது. டயர் சிறியது, பிரேக் டிஸ்க் சிறியது, இரண்டும் மெதுவாகத் தேய்கின்றன, எரிபொருளும் குறைவு. பெரிய இன்ஜின் கொண்ட பழைய சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இதே விலைக்குக் கிடைக்கலாம். வாங்கும் விலைதான் இறங்கியிருக்கும். அதன் உதிரிப் பாகங்களின் விலை புதிய காரின் உயரத்திலேயே நிற்கும். புதியவர்கள் மிக எளிதாக விழும் குழி இது.

எந்தக் கார்?

முதல் காருக்கு என் பதில் சலிப்பூட்டும் அளவுக்கு ஒன்றேதான்: எம்எக்ஸ்-5. 2016 ஏப்ரலில் இதன் உற்பத்தி பத்து லட்சத்தைத் தாண்டியது. அதனால்தான் பாகங்கள் கிடைக்கின்றன, பழகிய மெக்கானிக்குகள் கிடைக்கிறார்கள், ஒவ்வொரு நோய்க்கும் மருந்து தெரிந்திருக்கிறது. ஆனால் நான்கு தலைமுறைகளுக்கும் நோய்கள் வேறுவேறு.

முதல் தலைமுறை 1989 முதல் 1997 வரை. எழுந்து மடங்கும் முன்விளக்குகள் உள்ளது. 1991 தொடக்கம் வரை வந்த 1.6 லிட்டர் இன்ஜின்கள் சிலவற்றில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையானது. வால்வுகளை இன்ஜினின் சுழற்சியோடு இணைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும்போது அங்குள்ள போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டால், புல்லியைப் பிடித்திருக்கும் சாவி பொருந்தும் பள்ளம் தேய்ந்து ஷாஃப்ட்டே பாழாகும். முன்புற கிராங்க் புல்லியில் நான்கு காடிகள் தெரிந்தால் அது குட்டை முனை, எட்டு தெரிந்தால் பின்னாளில் திருத்தப்பட்டது. டார்ச் ஒன்று இருந்தால் போதும். விற்பவரே பெரும்பாலும் இதை அறிந்திருக்க மாட்டார்.

இரண்டாம் தலைமுறை 1998 முதல் 2005 வரை. ஓட்டுவதற்கு முதலாவதைவிடக் கெட்டியானது, தேடுவோர் குறைவு என்பதால் பல இடங்களில் மலிவானதும்கூட. முன்பக்க சேசிஸ் சட்டம் இரட்டைத் தகடாக இருப்பதால் நடுவே ஈரம் தங்கி உள்ளிருந்து துரு ஏறும். வெளியே கறுப்புப் பூச்சு பளபளவென்று இருக்கும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டினால் பொத்தென்று ஒலிக்கும். இந்தத் தலைமுறையில் மற்ற எதைப் பார்க்க மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

2005இல் வந்த மூன்றாம் தலைமுறையில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். உள்ளே இடம் அதிகம், எடையும் கொஞ்சம் ஏறி 1,100 கிலோவை ஒட்டி நிற்கிறது. உயரமானவர்களுக்கு இதுவே தோது. 2015இல் தொடங்கிய நான்காம் தலைமுறையில் எடை மீண்டும் ஏறக்குறைய 1,000 கிலோவுக்கு இறங்கியது. ஆரம்பகாலக் கார்களில் கியர் பெட்டியை மட்டும் கவனமாகச் சோதியுங்கள். இதே காரை அடித்தளமாகக் கொண்டு 1.4 லிட்டர் டர்போ இன்ஜினோடு வந்தது ஃபியட் 124 ஸ்பைடர்.

எம்எக்ஸ்-5 வேண்டாம் என்பவர்களுக்கு டொயோட்டா எம்ஆர்2, 1999 முதல் 2007 வரை வந்த மூன்றாம் தலைமுறை. இன்ஜின் இருக்கைக்குப் பின்னால், எடை ஏறத்தாழ 1,000 கிலோ. பெட்டி வைக்க இடம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பகால 1.8 லிட்டர் இன்ஜின்கள் எண்ணெய் குடிக்கும். கூடவே, இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் உள்ள முன் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் தேன்கூடு போன்ற பாகம்) உடைந்து, அதன் தூள் இன்ஜினுக்குள் திரும்ப இழுக்கப்பட்டு சிலிண்டரைக் கீறிவிடும். மேனிஃபோல்டில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கலாம். தேன்கூடு முழுதாகத் தெரிய வேண்டும். அல்லது யாரோ அதை முன்பே அகற்றியிருக்க வேண்டும். பாதி உடைந்த தேன்கூடு தெரிந்தால் வணக்கம் சொல்லிக் கிளம்புங்கள்.

பின்னிருக்கையும் கெட்டிக் கூரையும் வேண்டுமென்றால் 2012இல் வந்த டொயோட்டா 86, அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட். 2 லிட்டர் பாக்ஸர் இன்ஜின் (சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் வகை), 200 குதிரைத்திறன், எடை 1,200 கிலோவைச் சற்றுத் தாண்டும். முதல் இரண்டு ஆண்டுகளின் கார்களை வால்வு ஸ்பிரிங் மாற்றுவதற்காக நிறுவனம் திரும்ப அழைத்தது. அந்த வேலை நடந்ததா, நடந்த பின் எத்தனை கிலோமீட்டர் பிரச்சினை இல்லாமல் ஓடியது என்று கேளுங்கள். பின்னிருக்கை குழந்தைகளுக்கும் பைகளுக்கும்தான்.

ஹோண்டா எஸ்2000 அற்புதமான கார். ஆரம்பகால 2 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். ஆனால் மலிவான கார் என்ற பட்டியலிலிருந்து அது எப்போதோ வெளியேறிவிட்டது; ஈர வளைவில் பின்பக்கம் திடீரென்று வழுக்கிப் போகும் குணமும் ஆரம்பகாலக் கார்களில் உண்டு. முதல் பின்சக்கர இயக்கக் காராக இதைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன். 1996இல் வந்த லோட்டஸ் எலீஸ் எடையில் எல்லோரையும் வெல்லும், 725 கிலோதான். அலுமினியச் சேசிஸ் பசையால் ஒட்டப்பட்டது. அடிபட்டால் சாதாரணப் பட்டறையில் நிமிர்த்த முடியாது. ஆசை இருக்கலாம், இரண்டாவது காராக இருக்கட்டும்.

பணம், காப்பீடு, முழங்கால்

கையில் உள்ள தொகை முழுவதையும் காருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது தனியே வையுங்கள். யானை வாங்கப் போனவர் அங்குசத்துக்கும் காசு வைத்திருக்க வேண்டும். டயர், திரவங்கள், டைமிங் பெல்ட், கூரைத் துணி என்று முதல் ஆண்டிலேயே அங்குசங்கள் வரிசையாக வரும்.

தேடத் தொடங்குமுன் காப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துவிடுங்கள். இரண்டு இருக்கைக் கார் என்றதும் கட்டணம் ஏறலாம், குறிப்பாக இளம் வயதினருக்கு.

யாருடைய காரிலாவது ஏறி உட்கார்ந்தும் பாருங்கள். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறதா, கண்மட்டத்துக்கு நேரே முன்கண்ணாடிச் சட்டம் மறைக்கிறதா, கூரையை மூடினால் தலை தட்டுகிறதா? முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இன் ஸ்டியரிங்கை மேலும் கீழும் நகர்த்த முடியாது. ஆசைப்பட்ட கார் உடலுக்குப் பொருந்தாமல் போவது இந்த வகையில் மிகச் சாதாரணம். அதை விளம்பரங்கள் பார்த்து ஆறு மாதம் கழித்தபின் கண்டுபிடிக்க வேண்டாம்.

தொலைபேசியில்

நேரில் போகுமுன் நான்கு கேள்விகள் போதும். எத்தனை வருடமாக உங்களிடம் இருக்கிறது? டைமிங் பெல்ட் எப்போது மாற்றினீர்கள், ரசீது இருக்கிறதா? எங்கேனும் தகடு வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறதா? நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருப்பீர்களா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். நான் போனபோது பானெட் தொட முடியாத அளவு சூடாக இருந்த கார் எதையும் நான் வாங்கியதில்லை. “இப்போதுதான் பெட்ரோல் போட்டு வந்தேன்” என்பார்கள். இருக்கலாம். குளிர்ந்த இன்ஜின் சொல்லும் உண்மையைச் சூடான இன்ஜின் சொல்லாது.

போய்ப் பார்க்கும் நாள்

பகல் வெளிச்சத்தில் போங்கள், மழையில் வேண்டாம். ஈரமான எந்தப் பெயிண்டும் அழகுதான். டார்ச், சிறு காந்தம், பழைய துணி, விரிப்பதற்கு ஒரு சாக்கு எடுத்துப் போங்கள். சாக்கை விரித்துப் படுத்துவிடுங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள் இவை: கதவுக்குக் கீழே முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற விளிம்பு, அது பின்சக்கர வளைவோடு சேரும் மூலை, ஜாக்கி வைக்கும் இடங்கள், சஸ்பென்ஷன் கைகள் பொருந்தும் இடங்கள். எம்எக்ஸ்-5இல் துரு தொடங்குவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். பெயிண்ட் கொப்புளம் போட்டிருந்தால் உள்ளே சேதம் கொப்புளத்தைவிடப் பல மடங்கு இருக்கும், ஏனென்றால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. புதிதாகத் தடவிய தார்ப்பூச்சு அடிப்பக்கம் முழுவதும் இருந்தால் சந்தேகப்படுங்கள். நேர்மையானவர்களும் பூசுவார்கள்; ஆனால் பூசுமுன் எடுத்த படங்களை அவர்கள் வைத்திருப்பார்கள்.

பள்ளத்தை நிரப்பப் பட்டி தடவிய இடத்தில் காந்தம் ஒட்டாமல் காட்டிக் கொடுக்கும். ஒரு எச்சரிக்கை: முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இன் பானெட் அலுமினியம், அதில் காந்தம் ஒட்டாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் “பானெட் முழுக்கப் பட்டி” என்று விற்பவரோடு சண்டை போட்டவரை எனக்குத் தெரியும்.

அடுத்து, மடிப்புக் கூரை. கூரையில் விழும் மழைநீர் துணியின் பின் ஓரத்தில் சேர்ந்து, இருக்கைக்குப் பின்னால் உள்ள இரண்டு குழாய்கள் வழியாகக் கீழே வடிய வேண்டும். இலையும் தூசியும் சேர்ந்து அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே திரும்பும். கம்பளம் நனையும், கதவடித் தகடு உள்ளிருந்து அழுகும். என் காருக்கு நடந்தது இதுதான். ஒரு நீண்ட மெல்லிய பிளாஸ்டிக் குச்சியும் வருடத்துக்குப் பத்து நிமிடமும் போதுமானதாக இருந்திருக்கும். ஆகவே கம்பளத்தைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். டிக்கியைத் திறந்து உதிரிச் சக்கரத்தின் அடியிலும் பாருங்கள். முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5இல் பேட்டரியும் டிக்கியில்தான் இருக்கிறது. தவறான வகைப் பேட்டரி வைத்திருந்தால் அமிலம் கசிந்து சுற்றியுள்ள தகட்டைத் தின்றிருக்கும். கூரையின் பின் ஜன்னல் பிளாஸ்டிக் என்றால் மஞ்சளித்திருக்கிறதா, மடிப்பில் வெடித்திருக்கிறதா என்று பார்த்து விலையில் கழியுங்கள். கூரைத் துணி தேய்மானப் பொருள், அதற்காகக் காரையே நிராகரிக்க வேண்டியதில்லை.

இப்போது இன்ஜின். எண்ணெய் அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் மூடியின் உள்பக்கம் பால்கோவா நிறத்தில் பசை இருந்தால் நீர் கலந்திருக்கலாம். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். சைலன்சரிலிருந்து நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. இன்ஜின் சூடான பின்னும் அடர்த்தியான வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு நிற்காமல் வந்தால் குளிர்விப்பு நீர் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம், பெரும்பாலும் சின்ன வேலை. குளிர்ந்த காலையில் வரும் மெல்லிய வெண்ணீராவி ஒன்றுமில்லை. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 ஸ்டார்ட் ஆனதும் தையல் இயந்திரம் போல டிக்டிக் என்று சத்தமிட்டுச் சற்று நேரத்தில் அடங்கினால் பயப்பட வேண்டாம். வால்வுகளை இயக்கும் ஹைட்ராலிக் பாகங்களின் பழக்கம் அது. அடங்கவே இல்லையென்றால் எண்ணெயை நெடுநாள் மாற்றவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது வானொலியை அணையுங்கள். முதல் சில நிமிடங்களில் இரண்டாம் கியர் மாற்றும்போது கரகரப்பு இருக்கிறதா? பழைய கியர் பெட்டிகள் குளிரில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். சூடான பின்னும் பிடித்தால் கியர்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது. சீரான சாலையில் நான்காம் கியரில் குறைந்த வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். வேகம் ஏறாமல் இன்ஜின் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தால், பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிபர் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதிகம் ஓட்டாமல் நிறுத்தி வைத்த கார்களுக்கு வரும் வியாதி. கிளட்ச் பெடல் மென்மையாகக் கீழே போனால் கியர் பெட்டியோரம் உள்ள சிறிய ஹைட்ராலிக் சிலிண்டர் கசிகிறது. மலிவான பாகம், பேரத்துக்கு நல்ல பாகம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வருட டயர் இறுகிப்போன ரப்பர்தான். நான்கும் ஒரே வகையா என்றும் பாருங்கள். நல்ல காரை வைத்திருந்தவர் நான்கு டயரையும் ஒன்றாக மாற்றியிருப்பார். இது உரிமையாளரின் குணத்தைப் பற்றி எந்தப் பேச்சையும்விட அதிகம் சொல்லும்.

எல்லாம் பிடித்திருந்தால், பணம் கொடுத்தாவது ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டுங்கள். சிலிண்டர்களின் கம்ப்ரஷனை, அதாவது உள்ளே உருவாகும் அழுத்தத்தை, அளக்கச் சொல்லுங்கள். நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பது எண் எவ்வளவு என்பதைவிட முக்கியம். விற்பவர் லிஃப்ட்டுக்கு மறுத்தால் அதுவே பதில்.

கைவைத்த கார்கள்

இந்த வகையில் யாரும் கைவைக்காத கார் அபூர்வம். நல்ல பிராண்டு ஷாக் அப்சார்பர், நல்ல பிரேக் பேடு, ரசீதோடு இருந்தால் வரவேற்கலாம். தரையைத் தொடும்படி வெட்டிய ஸ்பிரிங், காதைப் பிளக்கும் சைலன்சர், டேப் சுற்றிய வயரிங் இருந்தால் நான் திரும்பிவிடுவேன். டர்போ ஏற்றிய கார் என்றால், அதைச் செய்தவர் யார், இன்ஜின் கணினியை யார் சீரமைத்தார் என்ற இரண்டுக்கும் தெளிவான பதில் வேண்டும். “நண்பன் செய்தான்” என்பது பதில் ஆகாது.

பந்தயத் தடத்தில் ஓடியதா என்பதற்குத் தடயங்கள் உண்டு: நீலம் பாய்ந்த பிரேக் டிஸ்க், இருக்கைக்குப் பின்னால் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகம்பி) இருந்த போல்ட் ஓட்டைகள், கதவில் ஸ்டிக்கர் எடுத்த வடு. தடத்தில் ஓடியது தானாகவே குற்றமாகிவிடாது. அப்படி ஓட்டுபவர்கள் பலர் எண்ணெயை நம்மைவிட அடிக்கடி மாற்றுவார்கள். மறைப்பதுதான் குற்றம்.

பழைய உரிமையாளர் கழற்றிய அசல் பாகங்கள் வீட்டு மூலையில் கிடக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் அவற்றையும் விலைக்குள் சேர்த்து வாங்கிவிடுங்கள். நாளை ஆய்வுக்கோ மறுவிற்பனைக்கோ அவை தேவைப்படும்.

விலையும் காகிதமும்

சேசிஸ் எண் பதிவு ஆவணத்தோடு பொருந்துகிறதா, கடன் பாக்கி இருக்கிறதா, விற்பவர்தான் உரிமையாளரா: இவை எந்தக் காருக்கும் பொதுவானவை. பேரத்தில் பழுதுகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் சரிசெய்யும் செலவைச் சொல்லிக் குறையுங்கள். காரைப் பழித்துப் பேசாதீர்கள்; ஆசையாக வைத்திருந்தவரின் முகம் அதோடு மூடிக்கொள்ளும், அவருக்குத் தெரிந்த நூறு விவரங்களும் உள்ளேயே தங்கிவிடும்.

வாங்கிய முதல் மாதம்

ரசீது இல்லாத எந்த வேலையும் செய்யப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் எண்ணெய், கியர் பெட்டி எண்ணெய், பின் டிஃபரன்ஷியல் எண்ணெய், பிரேக் திரவம், குளிர்விப்பு நீர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எம்எக்ஸ்-5 என்றால் அது ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. தேதி தெரியாவிட்டால் உடனே மாற்றி, கூடவே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுங்கள், பிரிக்கும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். பிறகு வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது. இந்தக் கார்களின் சுகத்தில் பாதி சரியான அலைன்மென்ட்டில் இருக்கிறது. “இந்தக் கார் என்னவோ மந்தமாகத் திரும்புகிறது” என்று குறைபட்டவர்கள் பலருக்கும் மருந்து அங்கேதான் கிடைத்தது.

சக்தி கூட்டும் பாகங்களை ஒரு வருடம் கழித்து வாங்கலாம். முதலில் டயர் வாங்குங்கள்.

1990களின் கார்களில் பெரும்பாலும் வழுக்கலைத் தடுக்கும் மின்னணு உதவி கிடையாது. ஈரச் சாலையில் வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், எடை முன்னே சாய்ந்து பின்சக்கரம் பிடி இழக்கும். பின்சக்கர இயக்கக் கார் இதுவரை ஓட்டாதவர், முதல் மழைக்கு முன் காலியான ஒரு பெரிய திடலிலோ பயிற்சித் தடத்திலோ அரை நாள் இதைத் தெரிந்தே செய்து பார்த்துவிடுவது நல்லது. போகும்போது கூரைக் குழாய்களைக் குத்தி விடும் அந்தப் பிளாஸ்டிக் குச்சியையும் டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.